கடும் கோடையில் காப்பகக் குழந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்ல. பிறர் பெற்ற பிள்ளைகளைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்வது என் வேலை. இருபது கோடைகளைப் பார்த்தாகிவிட்டது. வெயில் ஏறத் தொடங்கினால் போதும். காப்பகம் நடத்துகிறவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பிள்ளையை விட்டுச்செல்கிற பெற்றோர் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாம் தாங்குகிற வெயிலைக் குழந்தை ஏன் தாங்குவதில்லை?

உடல் சிறியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். வெளியே உள்ள சூடு வேகமாக உள்ளே இறங்கிவிடும். பெரியவர்களுக்குச் சுரக்கும் அளவுக்கு வியர்வை சுரப்பதில்லை. போதாததற்கு ஓயாத ஓட்டம். ஓடுகிற உடல் தன் பங்குக்கும் சூட்டை உண்டாக்கும்.

இவற்றையெல்லாம்விட, குழந்தை வாய்விட்டுச் சொல்லாது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் அரை மணிநேரத்தில் மூன்று முறை "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டேன். மூன்று முறையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வேண்டாம்" என்றான். அவனுக்கு ஆட்டம் முக்கியம். நான்காவது முறை போனபோது முகம் சிவந்து, முடி நெற்றியோடு ஒட்டிப்போய், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நிழலுக்குத் தூக்கி வந்ததும் வாந்தி எடுத்தான். அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போது நேரம் வந்தால் கையில் டம்ளரைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

எத்தனை டிகிரி வந்தால் வெளியே விளையாட விடக்கூடாது?

ஒற்றை எண் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சொல்லலாம்தான், ஆனால் அந்த எண் ஏமாற்றும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் 33 டிகிரி புழுக்கம் 37 டிகிரி வறண்ட வெயிலைவிட மோசமாக இருக்கக்கூடும். ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு "உணரப்படும் வெப்பநிலை" என்று வானிலைச் செயலிகள் காட்டுகிற எண்ணைப் பாருங்கள். அதுவும் நிழலுக்கான கணக்கு என்பதை மறக்கவேண்டாம்; நேர் வெயிலில் இன்னும் கூடும்.

உணரப்படும் வெப்பநிலை 32-ஐத் தாண்டினால் ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்து நிழலுக்குள் வைத்துக்கொள்வேன். 38-ஐ நெருங்கினால் கதவைச் சாத்திவிடுவேன். இது சட்டமன்று, என் வழக்கம். சந்தேகம் வந்தால் பிள்ளைகளை அனுப்புமுன் அந்த இடத்தில் நானே ஐந்து நிமிடம் நின்று பார்ப்பேன். அலுவலக அறையிலிருந்து முடிவெடுப்பதற்கும் மணல்தொட்டி ஓரத்தில் நின்று முடிவெடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கோடையின் முதல் சூட்டு அலையில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். நீண்ட விடுமுறை முடிந்து திரும்புகிற பிள்ளையும், குளிர்ச்சியான ஊரிலிருந்து வந்த பிள்ளையும் அந்த நாள்களை முதலிலிருந்து எண்ணவேண்டியவர்கள்.

வேனில் ஐந்து நிமிடம் விட்டால் என்ன ஆகிவிடும்?

நிறுத்திய வாகனத்தின் உட்புறம் முதல் 10 நிமிடத்திலேயே சுமார் 11 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெயிலில் ஒரு மணிநேரம் நின்ற கார்களை அளந்தது. உள்ளே இருந்த காற்று சராசரியாக 47 டிகிரி, இருக்கை 51 டிகிரி, முன்பலகை (டாஷ்போர்டு) 69 டிகிரி. நிழலில் நின்ற கார்களிலும் காற்று 38-ஐத் தொட்டது. இதே சூட்டில் குழந்தையின் உடல் பெரியவருடையதைப்போல 3 முதல் 5 மடங்கு வேகத்தில் கொதிப்பேறும்.

ஆகவே "ஏ.சி.யைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்", "கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன்" என்ற பேச்செல்லாம் வேண்டாம். எஞ்சின் நின்றுபோகும், கண் வேறு பக்கம் திரும்பும்.

இன்னொன்றையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நின்ற வேன் என்று நம்பி ஏற்றுவீர்கள். நிழல் நகர்ந்து அரை மணி ஆகியிருக்கும். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியை முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். தொடையில் கொக்கி வடிவத்திலேயே சிவந்த தழும்போடு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

பெற்ற பிள்ளையை, பொறுப்பில் உள்ள பிள்ளையை யாராவது வேனில் மறப்பார்களா? அது அலட்சியம் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் 1998 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் சூடேறிய வாகனத்துக்குள் இறக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டவை மறதியால் நேர்ந்தவை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பூட்டாத வாகனத்துக்குள் குழந்தை தானே ஏறிக்கொண்டு வெளிவர முடியாமல் போனவை. மறந்தவர்களில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் உண்டு.

நரம்பியல் அறிஞர் டேவிட் டைமண்ட் இதை நெடுநாள் ஆராய்ந்தவர். அன்றாடம் செய்கிற வேலையை மூளையின் பழக்கப் பகுதி தானாகச் செய்து முடிக்கும். "இன்று மட்டும் இதையும் செய்யவேண்டும்" என்ற நினைவை அது எளிதில் அமுக்கிவிடும் என்கிறார். வழக்கமாக மனைவி கொண்டுவிடுகிற பிள்ளையை ஒருநாள் கணவர் ஏற்றிக்கொள்கிறார், பிள்ளை பின்னால் சத்தமில்லாமல் தூங்கிவிடுகிறது, வண்டி நேரே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

காப்பக வேனில் மறதி வேறு உருவத்தில் வரும். "அவர் பார்த்திருப்பார்" என்பதுதான் அந்த உருவம். ஓட்டுநர் உதவியாளரை நம்புகிறார், உதவியாளர் வகுப்பாசிரியரை நம்புகிறார், வகுப்பில் வராத பிள்ளையை "இன்று லீவு போல" என்று எழுதிவிடுகிறார்கள். தென்கொரியாவில் 2018 ஜூலையில் காப்பக வேனில் விடப்பட்ட நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். அடுத்த ஆண்டே பிள்ளைகளின் வாகனங்களில் எச்சரிக்கை மணி கட்டாயமானது. எஞ்சினை நிறுத்திய 3 நிமிடத்துக்குள் கடைசி இருக்கைவரை நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் மணி அலறும். ஜப்பானில் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் பள்ளி வேன்களில் இறந்த பிறகு, 2023 ஏப்ரல் முதல் இத்தகைய கருவியை அங்கும் கட்டாயமாக்கினார்கள்.

மணி இல்லாத வேனிலும் செய்யக்கூடியவை உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும். தலை எண்ணிக்கை மட்டும் போதாது. எல்லோரும் இறங்கிய பின் ஒருவர் கடைசி வரிசைவரை நடந்து, குனிந்து, இருக்கைக்கு அடியிலும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் ஓட்டுநராக இல்லாமல் இருந்தால் நல்லது. மூன்றாவது, வராத பிள்ளையின் வீட்டுக்கு அரை மணிநேரத்துக்குள் தொலைபேசி அழைப்பு போகவேண்டும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். மற்ற இரண்டும் தவறிப்போன நாளிலும் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியது அதுதான்.

வேன் நிற்கிற நேரமெல்லாம் பூட்டியே இருக்கட்டும். சாவி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.

சறுக்குமரம், ரப்பர் தரை எல்லாம் சுடுமா?

காற்றின் வெப்பத்தைப் பார்த்து இதை எடைபோடக்கூடாது. மிதமான நாளிலும் நேர் வெயில் பட்டால் உலோகச் சறுக்குமரம், கறுப்பு ரப்பர் விரிப்பு, செயற்கைப் புல், அடர்நிறப் பிளாஸ்டிக் எல்லாம் கொதிக்கும். மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டால் சில நொடிகளில் தோல் பொசுங்கும். குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். பெரிய பிள்ளை சுட்டதும் துள்ளி எழுந்துவிடும். சின்னது எழத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே வீறிடும்.

புறங்கையை வைத்து ஐந்து நொடி எண்ணுங்கள். எடுக்கத் தோன்றினால் அன்றைக்கு அங்கே ஆட்டம் இல்லை. உள்ளங்கை காய்த்துப்போனது, அதை நம்பவேண்டாம். வெறுங்காலோடு யாரும் வெளியே போகக்கூடாது.

எவ்வளவு தண்ணீர் கொடுக்கவேண்டும்?

ஓடியாடுகிற நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை. சின்னப் பிள்ளைகளுக்குச் சில மடக்கு. 9 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 100 முதல் 250 மில்லி. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். சாதாரணக் குடிநீர் போதும். இனிப்புப் பானங்கள் வேண்டாம், உப்பு மாத்திரையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசல்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனிப் பாட்டில் இருந்தால், யார் எவ்வளவு குடித்தார்கள் என்று மதியம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நிறைந்தபடியே நிற்கிற பாட்டில்தான் நமக்கு வேண்டிய செய்தி. அதைவிட நம்பகமான செய்தி சிறுநீரில் இருக்கிறது. அடர்மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை. கைக்குழந்தையின் டயப்பர் ஆறு மணிநேரம் உலர்ந்தே இருந்தால் பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இரண்டு கரண்டி தண்ணீர் கொடுத்தால் தவறா?

ஆம், தவறு. எவ்வளவு வெயிலானாலும் அந்த வயதில் தாய்ப்பாலோ புட்டிப்பாலோதான். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். தண்ணீர் வயிற்றை நிறைத்துப் பாலைக் குறைக்கும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரும். புட்டிப்பாலில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதும் இதே தவறுதான். கரைத்த பாலை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணிநேரம்தான் கணக்கு; மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும்.

ஏ.சி. இல்லை, மின்விசிறி போதுமா?

ஓரளவுக்குப் போதும். அறை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மின்விசிறி உதவும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் விசிறி வீசுவது அனல். உடலை மேலும் சூடாக்கும். பகலில் அறையை 32 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது அந்நிறுவனம். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். தூங்கும் அறையில், குழந்தை படுக்கிற உயரத்தில் மாட்டவேண்டும். பலரும் வரவேற்பறையில், ஏ.சி.க்கு நேர் எதிரே மாட்டிவைக்கிறார்கள்.

வெயில் விழும் ஜன்னலைக் காலையிலேயே மூடித் திரைபோடுங்கள். வெளியே குளிர்ந்த பிறகு திறங்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறையைக் கோடையில் பொருள் வைக்கப் பயன்படுத்திக்கொண்டு, பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறியடியில் உட்காரவைப்பது எளிய வழி, பலனும் உண்டு. மின்சாரம் போனால் எங்கே போவது என்பதை மின்சாரம் இருக்கும்போதே முடிவுசெய்து வையுங்கள். அருகில் குளிரூட்டிய நூலகமோ மண்டபமோ இருந்தால் அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

தூங்கும்போது என்ன கவனிக்கவேண்டும்? தள்ளுவண்டியை மெல்லிய துணியால் மூடலாமா?

மூடாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணிகூட உள்ளே காற்றோட்டத்தைத் தடுத்து, மூடாத வண்டியைவிடச் சில டிகிரி சூட்டைக் கூட்டும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், திறந்தே இருக்கட்டும்.

கைக்குழந்தையை மல்லாத்திப் படுக்கவையுங்கள். தலையில் தொப்பி வேண்டாம், மேலே போர்வை வேண்டாம்; ஒரே ஒரு பருத்தி உடுப்பு போதும், கடும் புழுக்கத்தில் டயப்பர் மட்டும் போதும். உடல் சூடேறுவது குழந்தைகளின் திடீர்த் தூக்க மரணத்துக்கான காரணிகளில் ஒன்று. சூட்டைப் பார்க்கக் கை, பாதத்தைத் தொடாதீர்கள்; அவை குளிர்ந்தே இருக்கும். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். சுருள்முடி ஈரமாகக் கழுத்தில் ஒட்டியிருந்தால் ஒரு துணியைக் கழற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. வண்டிப் பயணத்தில் தூங்கிப்போன குழந்தையை "எழுப்பவேண்டாம் பாவம்" என்று கார் இருக்கையோடு கொண்டுவந்து மூலையில் வைக்கிற வழக்கமும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் எந்த வயதிலிருந்து?

ஆறு மாதத்துக்குப் பிறகு. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், வெளியே போவதற்குக் கால்மணி முன்பு, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. ஆனால் சன்ஸ்கிரீன் தோல் வேகாமல் காக்குமே தவிர உடல் சூடேறுவதைத் தடுக்காது. வியர்க்குருவுக்குத் தளர்ந்த உடையும் காற்றும் போதும். பவுடரை அள்ளிக் கொட்டவேண்டாம். துளை அடைபடும், மூச்சிலும் ஏறும்.

தண்ணீர் விளையாட்டு வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் ரப்பர் குழாயைத் திறந்து பிள்ளைமேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய நீர் முதல் அரை நிமிடம் கொப்புளிக்க வைக்கும் அளவுக்குச் சுடும். தரையில் ஓடவிட்டு, கையை நீட்டிப் பார்த்தபின் கொடுங்கள். சில அங்குல நீரிலும் சின்னக் குழந்தை மூழ்கும், அதுவும் சத்தமே இல்லாமல். ஒருவர் அந்த வேலையை மட்டும் பார்க்கவேண்டும், கைப்பேசி இல்லாமல். ஆட்டம் முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

எந்தப் பிள்ளைகள்மேல் கூடுதல் கண் வேண்டும்?

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறுகிறவர்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இதயக் குறைபாடு, அரிவாள்செல் சோகை உள்ளவர்கள். பருமனான பிள்ளைகள். தாகத்தைச் சொல்லவோ எழுந்து நகரவோ இயலாத மாற்றுத்திறன் குழந்தைகள்.

மருந்துகளை யாரும் கேட்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கப்படும் டோபிரமேட், சோனிசமைட் போன்றவை வியர்வையைக் குறைக்கும். சில ஒவ்வாமை மருந்துகளுக்கும், கவனக்குறைவுக் கோளாறுக்கான (ADHD) மருந்துகளுக்கும் உடல் சூடு தணியாமல் தடுப்பதில் பங்கு உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் கூடாது. எந்தப் பிள்ளை எதைச் சாப்பிடுகிறது என்பது வெயிலில் அதைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியவேண்டும். இன்சுலின், இன்ஹேலர் போன்றவற்றை வெயில்படும் பையில் விட்டுவைக்காதீர்கள்.

சாதாரணக் களைப்பு எது, ஆபத்து எது?

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அதிக வியர்வை, வெளிறிய முகம், தசைப்பிடிப்பு, காரணமில்லாத சிணுங்கல்: இது வெப்பத் தளர்ச்சி. நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். அரை மணியில் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

எப்போதும் வால்தனம் செய்கிற பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் அதைப் பட்டியலின் முதல் வரியில் வைப்பேன்.

பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமை, தள்ளாட்டம், வலிப்பு, கூப்பிட்டால் எழாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ளவேண்டும். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கும். "தோல் உலர்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலர் நம்புகிறார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை வியர்த்துக் கொட்டியபடியே அந்த நிலைக்குப் போகும். நெற்றியில் காட்டும் வெப்பமானி வியர்வையில் குறைத்துக் காட்டலாம். எண்ணுக்காகக் காத்திருக்கவேண்டாம்.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் முதலில் என்ன செய்வது?

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். அதே நொடியில் இன்னொருவர் குளிரவைக்கத் தொடங்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டு நிற்பதில்தான் உயிர் போகிறது. துணிகளைக் கழற்றுங்கள். தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் கழுத்தளவு இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுதும் நீரை ஊற்றி, ஈரத்துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, விசிறியை நேராகத் திருப்புங்கள். கைக்குழந்தைக்கு இந்த முறையே ஏற்றது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடக்கூடாது.

நினைவில்லாத பிள்ளையின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் படுக்கவையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் உடனே சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, மூச்சு ஊதும் முதலுதவி). பாராசிட்டமால் கொடுக்கவேண்டாம். அது காய்ச்சலுக்கு, இந்தச் சூட்டை இறக்காது. பெற்றோருக்கு யார் பேசுவது என்பதை முன்பே ஒருவருக்கு ஒதுக்கிவிடுங்கள். குளிரவைக்கிறவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது.

பெற்றோராக நான் காப்பகத்தில் என்ன கேட்கலாம்?

"எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். தூங்கும் அறையின் வெப்பமானியைக் காட்டச் சொல்லுங்கள். என் பிள்ளை வராவிட்டால் எத்தனை மணிக்கு எனக்கு அழைப்பு வரும் என்று கேளுங்கள். வேனைக் கடைசியாகப் பார்த்தவர் இன்று எங்கே கையெழுத்துப் போட்டார் என்று கேளுங்கள். நல்ல காப்பகம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. உங்கள் பங்கும் உண்டு: பிள்ளை வரவில்லை என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுகிற பழக்கம் பெருகினால், வராத பிள்ளையைத் தேடுகிற பழக்கம் அங்கே செத்துப்போகும்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு?

அவர்களும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். வெளி வேலையை முறைவைத்து மாற்றுங்கள். கர்ப்பிணிகளை நிழலிலேயே வையுங்கள். மயங்கிவரும் ஆளால் பத்துப் பிள்ளைகளை எண்ண முடியாது.

மாலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது ஏதாவது சொல்லவேண்டுமா?

சொல்லவேண்டும். சூட்டின் பாதிப்பு வீட்டுக்குப் போன பிறகும் தலைகாட்டும். எத்தனை டம்ளர் குடித்தான், கடைசியாக எப்போது சிறுநீர் போனான், மதியம் சாப்பிட்டானா, வெளியே எவ்வளவு நேரம் இருந்தான். நாங்கள் இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையின் வெளிப்பக்கத்தில் குத்திவிடுகிறோம். வாயால் சொன்னால் வாசலில் நிற்கிற அவசரத்தில் காற்றோடு போய்விடுகிறது. போன கோடையில் ஒரு பாட்டி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, கடைசிச் சிறுநீர் பதினொரு மணிக்கு என்றிருப்பதைக் கண்டு, வாசற்படியிலேயே பேரனை உட்காரவைத்து ஒரு டம்ளர் குடிக்கவைத்த பிறகுதான் கூட்டிப்போனார். எங்கள் கண்ணில் அது பட்டிருக்கவில்லை.